நடுரோட்டில் ஒரு ஞாயிறு

ஹாங்காங்கின் சென்ட்ரல் பகுதி என்றால் வங்கிகள், விலை உயர்ந்த கடைகள், கோட்டு சூட்டில் விரைகிற மனிதர்கள். ஞாயிற்றுக்கிழமை போனால் காட்சியே வேறு. சேட்டர் ரோட்டில் வண்டிகளை விடமாட்டார்கள். அட்டைப்பெட்டிகளைப் பிரித்து நடுரோட்டில் விரித்து, செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருப்பார்கள் பெண்கள்.

பெரும்பாலும் பிலிப்பைன்ஸிலிருந்து வீட்டுவேலைக்கு வந்தவர்கள். இப்படி வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் ஹாங்காங்கில் 3 லட்சத்துக்கும் மேல். ஏழு நாளில் ஒரு நாள் ஓய்வு தரவேண்டும் என்பது சட்டம். முதலாளி வீட்டிலேயே தங்கவேண்டும் என்பதும் விதி! அந்த வீட்டிலேயே கிடந்தால் ஓய்வு ஏது? அதனால்தான் காலையிலேயே கிளம்பிவிடுகிறார்கள்.

நார்மன் ஃபாஸ்டர் வடிவமைத்து 1985-இல் கட்டி முடித்த எச்.எஸ்.பி.சி. வங்கித் தலைமையகத்தின் தரைத்தளம் சுவரில்லாத திறந்தவெளி. அங்கே உட்கார்ந்தால் மழை வந்தாலும் கவலையில்லை. டப்பாவைத் திறந்தால் புளிக்காடியும் சோயாவும் பூண்டும் மணக்கும் அடோபோ இறைச்சி. பக்கத்தில் பான்சிட் நூடுல்ஸ். ஒருத்தி சீட்டு கலைக்கிறாள், இன்னொருத்தி தோழியின் விரல்களுக்கு நகப்பூச்சு போடுகிறாள். சற்றுத் தள்ளி ஊருக்கு அனுப்பப் பெட்டி கட்டுகிறார்கள்: சோப்பு, சாக்லேட், துணிமணி.

இதே வேலைக்கு வந்த இந்தோனேசியப் பெண்கள் கூடுமிடம் விக்டோரியா பூங்கா.

சிலர் மலையேறப் போகிறார்கள். சிலர் அழகிப் போட்டியே நடத்துகிறார்கள். ஒப்பனை, கிரீடம், மேடைநடை எல்லாம் உண்டு. அதைப் படம்பிடித்த ‘சண்டே பியூட்டி குயின்’ என்ற ஆவணப்படம், 2016 மெட்ரோ மணிலா திரைப்பட விழாவில் கதைப்படங்களை முந்திக்கொண்டு சிறந்த படமாகத் தேர்வானது.