புதிய துணைவேந்தரும் ஆசிரியர்களும்

(மட்டாஞ்சேரியில் ஆசிரியர்களும் பெற்றோர்களும் கூடிய அவையில் ஆற்றப்பட்ட உரை)

பல்கலைக்கழகம் ஒன்றுக்குப் புதிய துணைவேந்தர் வரும்போது செய்தித்தாள்களில் அவருடைய படமும் பட்டங்களும் வெளியாகின்றன. வரவேற்புக் கூட்டங்கள் நடைபெறுகின்றன. மாலைகள் வாடிய பின்னரே உண்மையான கேள்வி எழுகிறது. அங்கு பத்து, இருபது ஆண்டுகளாகப் பணியாற்றிவரும் ஆசிரியர்கள் அவரை எவ்வாறு ஏற்பார்கள்? அவர் அவர்களை எவ்வாறு நடத்துவார்? வேந்தரின் ஆணை ஒருவருக்குப் பதவியைத் தரும். ஆசிரியர்களின் நம்பிக்கையைத் தராது. அதனை அவரே தேடிக்கொள்ள வேண்டும்.

இக்கேள்வி மட்டாஞ்சேரிக்கு அயலானது அன்று. 1967-இல் தொடங்கப்பட்ட கொச்சின் கல்லூரி இவ்வூரில்தான் இருக்கிறது. அது இணைக்கப்பட்டுள்ள மகாத்மா காந்தி பல்கலைக்கழகம் கோட்டயத்தில் இருக்கிறது. இங்கிருந்து காயலைக் கடந்து, எர்ணாகுளத்துக்கு அப்பால் திருக்காக்கரையிலுள்ள கொச்சி அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்திற்குச் சென்று பயிலும் மாணவர்களும் உண்டு. கல்லூரி ஆசிரியருக்குத் துணைவேந்தர் பெரும்பாலும் ஒரு சுற்றறிக்கையாகவே அறிமுகமாகிறார். திருக்காக்கரையின் துறை ஆசிரியருக்கோ அவர் நாள்தோறும் எதிர்ப்படும் மனிதர். எனவே உறவின் நன்மையும் தீமையும் அங்கு உடனே வெளிப்படுகின்றன.

துறைகள் முந்தின

கொச்சிப் பல்கலைக்கழகம் 1971-இல் நிறுவப்பட்டது. ஆனால் அதன் துறைகளுள் சில அதற்கு முன்னரே, கேரளப் பல்கலைக்கழகத்தின் எர்ணாகுள மையத்தில் வேர்கொண்டிருந்தன. எடுத்துக்காட்டாக, மேலாண்மைக் கல்விப் பள்ளி 1964-இல் தொடங்கப்பட்டது. பல்கலைக்கழகம் புதியது, ஆசிரியர்களுள் பலர் பழையவர்கள். இந்நிலையில் முதல் துணைவேந்தராகப் பொறுப்பேற்றவர் ஜோசப் முண்டசேரி.

முண்டசேரி கல்லூரி ஆசிரியராகவும் மலையாள இலக்கியத் திறனாய்வாளராகவும் புகழ்பெற்றவர். 1957-இல் அமைந்த ஈ. எம். எஸ். நம்பூதிரிபாடு அமைச்சரவையில் கல்வி அமைச்சராக இருந்தவர். தனியார் பள்ளி ஆசிரியர்களின் ஊதியத்துக்கும் பணிக்கும் பாதுகாப்பு அளிக்கும் நோக்குடன் அவர் கொணர்ந்த கல்வி மசோதா பெருங்கிளர்ச்சிக்கு ஒரு காரணமாயிற்று. 1959-இல் அவ்வமைச்சரவை கலைக்கப்பட்டது. ஆகவே அவர் துணைவேந்தராக வந்தபோது, அவரைப் பற்றி முன்பே கருத்துக் கொள்ளாதவர் கேரளத்தில் அரியர். 1970-களின் பிற்பகுதியில் அப்பதவிக்கு வந்த எம். வி. பைலி வேறு வகையினர். அரசியல் சட்ட அறிஞரான அவர், மேலாண்மைக் கல்விப் பள்ளியை அமைத்து வளர்த்தவர். ஆசிரியர் வரிசையிலிருந்தே உயர்ந்தவர்.

இவ்விரு வகைத் துணைவேந்தர்களும் எந்நாட்டிலும் உண்டு. வெளியிலிருந்து வருபவருக்கு அறிமுகம் போதாமை ஓர் இடர். உள்ளிருந்து உயர்பவருக்கு அறிமுகம் மிகுதியாதலே இடர். முன்னவர் எதைத் தொட்டாலும், “நம் வழக்கம் அறியாதவர்” என்ற பேச்சு எழும். பின்னவர் எதைச் செய்தாலும், “தம் துறைக்கே செய்கிறார்” என்ற ஐயம் எழும். ஆதலால் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைக் கொண்டு அவரை எடைபோடுதல் ஆசிரியர்களுக்கு அழகன்று.

அதிகாரமும் அவைகளும்

துணைவேந்தர் தனியாட்சி புரிபவர் அல்லர். ஆட்சிப் பேரவை, ஆட்சிக்குழு, கல்விப் பேரவை, பாடத்திட்டக் குழுக்கள் எனப் பல அவைகளைச் சட்டம் அமைத்திருக்கிறது. ஒரு புதிய பாடம் பாடத்திட்டக் குழுவில் பிறந்து, கல்விப் பேரவையில் ஒப்புதல் பெற்று, வகுப்பறையை அடைய வேண்டும். இவ்வழியில் ஆசிரியரின்றித் துணைவேந்தர் ஓரடியும் நகர இயலாது. மறுபுறம், ஆசிரியரைத் தெரிவு செய்யும் குழுவுக்குத் தலைவர் துணைவேந்தரே. அவசர நிலையில் தாமே முடிவெடுத்துப் பின்னர் அவைக்கு அறிவிக்கும் அதிகாரத்தையும் பெரும்பாலான பல்கலைக்கழகச் சட்டங்கள் அவருக்கு வழங்குகின்றன.

உறவு முறிவது பெரும்பாலும் இந்த அவசர அதிகாரத்தில்தான். தேர்வு நெருங்கும்போது விடுப்பிலுள்ள ஓர் அதிகாரிக்கு மாற்று அமைப்பது அவசரம். விவாதத்தைத் தவிர்க்கும்பொருட்டு ஒரு பாடப்பிரிவை மூடுவது அவசரமன்று. இவ்வேறுபாட்டை மதிக்கும் துணைவேந்தரின் கடுமையான முடிவையும் ஆசிரியர்கள் பொறுத்துக்கொள்வார்கள். மதியாதவரின் நல்ல முடிவும் ஐயத்துக்கு உள்ளாகும்.

நியமனமே ஐயத்துக்குள்ளானபோது

கேரளம் அண்மையில் இன்னும் கடினமான ஒரு பாடத்தைக் கற்றது. 2022 அக்டோபர் 21 அன்று, ஏ. பி. ஜே. அப்துல் கலாம் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் நியமனம் செல்லாது என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிப்படி தேடல் குழு மூன்று முதல் ஐந்து பெயர்களைப் பரிந்துரைக்க வேண்டும். அங்கு ஒரே பெயர் பரிந்துரைக்கப்பட்டிருந்தது. இதைத் தொடர்ந்து, கொச்சிப் பல்கலைக்கழகத் துணைவேந்தர் உள்ளிட்ட ஒன்பது துணைவேந்தர்களைப் பதவி விலகுமாறு வேந்தராகிய ஆளுநர் கேட்டார். அவர்கள் உயர் நீதிமன்றத்தை நாடினர். இறுதி ஆணை வரும்வரை பதவியில் தொடர நீதிமன்றம் இடமளித்தது. அவ்வாண்டு நவம்பரில், கொச்சியை அடுத்த பனங்காட்டிலுள்ள மீன்வள, கடலியல் பல்கலைக்கழகத்தின் துணைவேந்தர் நியமனத்தை உயர் நீதிமன்றம் நீக்கியது. 2023 நவம்பர் 30 அன்று கண்ணூர்ப் பல்கலைக்கழகத் துணைவேந்தரின் மறுநியமனத்தை உச்ச நீதிமன்றம் ரத்துச் செய்தது. 2024-இல் மாநிலத்தின் பல பல்கலைக்கழகங்கள் நிலையான துணைவேந்தரின்றி, பொறுப்புத் துணைவேந்தர்களால் நடத்தப்பட்டன.

அரசுக்கும் ஆளுநருக்கும் இடையிலான இவ்வழக்குகளில் சட்டக் கேள்வி முதன்மையானது. ஆனால் அதன் சுமை ஆசிரியரின் மேசையில் வந்து இறங்குகிறது. நாளை இருப்பாரோ மாட்டாரோ என்று அறியாத தலைவரிடம் ஐந்தாண்டு ஆய்வுத் திட்டத்தை எவர் எடுத்துச் செல்வார்? பொறுப்பில் மட்டும் இருப்பவர் நெடுநோக்குள்ள முடிவில் கையெழுத்திடத் தயங்குவதும் இயல்பே. ஆசிரியர்களும், இவர் யாருடைய மனிதர் என்று கேட்கத் தொடங்குகிறார்கள். இவர் என்ன செய்யப்போகிறார் என்ற கேள்வி பின்தள்ளப்படுகிறது. கேரளத்தின் பெரும்பாலான பல்கலைக்கழகங்களில் துணைவேந்தரின் பதவிக்காலம் நான்கு ஆண்டுகளே. அறிந்துகொள்ள ஓர் ஆண்டு கழியும். அடுத்தவர் யார் என்ற பேச்சில் கடைசி ஆண்டு கழியும். எஞ்சிய இரண்டு ஆண்டுகளையும் ஐயத்தில் இழக்க எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் இயலாது.

இருதரப்புக் கடமைகள்

புதிய துணைவேந்தர் திட்டங்களை அறிவிக்கும் முன்னர் ஒவ்வொரு துறைக்கும் நேரில் செல்வது நன்று. ஆய்வகத்தில் எந்தக் கருவி பழுதுற்றிருக்கிறது, எத்தனை இடங்கள் காலியாக உள்ளன என்பனவற்றை அங்கேயே கேட்டறிய வேண்டும். மறுக்கும் கோரிக்கைக்குக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். தம்மை எதிர்த்துப் பேசியவரின் பதவி உயர்வுக் கோப்பு மற்றவர்களின் கோப்பைப் போன்றே நகருகிறது என்பதை அனைவரும் காணச் செய்ய வேண்டும். நம்பிக்கைக்கு இதனினும் சிறந்த சான்று இல்லை.

அதிகாரம் முழுவதும் அவர் கையில் இருக்க, கடமையை எங்கள் மீது சுமத்துவது முறையோ என்று ஆசிரியர்கள் வினவலாம். வினா நியாயமானதே. அதிகாரம் மிகுந்தவருக்கே பொறுப்பும் மிகுதி. எனினும் ஆசிரியர்களிடம் உள்ள ஆற்றலும் சிறிதன்று. பாடமும் தேர்வும் மதிப்பீடும் அவர்கள் கையில்தான் உள்ளன. கருத்து வேறுபாட்டைக் கல்விப் பேரவையில் வெளிப்படையாகக் கூறி, அதனைக் குறிப்பேட்டில் பதிவு செய்வித்தல் ஆசிரியரின் உரிமை. விடைத்தாள் மதிப்பீட்டைப் பூசலின் கருவியாக்குதல் அவ்வுரிமையில் அடங்காது. ஒவ்வொரு மனக்குறைக்கும் அமைச்சர் இல்லத்தையோ ஆளுநர் மாளிகையையோ நாடுவோர், தம் பல்கலைக்கழகத்தின் தன்னாட்சியைத் தாமே கரைப்பவர் ஆவர்.

அரசுக்கும் வேந்தருக்கும் உரிய கடமை ஒன்று உண்டு. ஒரு துணைவேந்தரின் காலம் முடியும் நாள் நான்கு ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்ததாகும். தேடல் குழுவை உரிய காலத்தில், விதி வழுவாது அமைத்தால், வருபவர் வழக்கின் நிழலில் பதவியேற்க நேராது.

மட்டாஞ்சேரியின் கடைத்தெருவில் பணிபுரியும் ஒருவருடைய மகள் பட்டச் சான்றிதழுக்காகக் காத்திருக்கும்போது, பிழை துணைவேந்தருடையதா ஆசிரியருடையதா என்று அவள் ஆராய்வதில்லை. வேலைக்கு விண்ணப்பிக்கும் கடைசி நாள் கடந்துவிட்டதா என்பதே அவள் கவலை. துணைவேந்தரும் ஆசிரியர்களும் எந்தப் பிணக்கில் இருந்தாலும், அந்த நாள் தவறாமல் காப்பதில் ஒன்றுபட வேண்டும்.