இருமொழி மாணவரும் இணைய நூல்களும்

(மன்றத்தின் கல்விக் கருத்தரங்கில் நிகழ்த்திய உரை)



இங்கே கூடியுள்ள மாணவ மாணவியரிற் பலர் வீட்டிலே தமிழ் பேசிப் பாடசாலையிலே சில பாடங்களை ஆங்கிலத்திற் கற்பவர்கள். இவர்களைக் குறித்துப் பெரியோர் சிலர் கவலையுறுகின்றனர். இரண்டு மொழியும் அரைகுறையாய்ப் போய்விடுமே என்பது அவர்கள் கவலை. அது காரணமற்ற கவலையன்று. ஆயினும், இரு மொழி அறிந்த மாணவனுக்கு, ஒரு மொழி மாத்திரம் அறிந்தவனுக்கு இயலாத ஒரு காரியம் இயலும். ஒரு மொழியிற் கண்டதை மற்றை மொழியில் வைத்துச் சோதித்தலே அது. அச்சோதனையைத் தானே செய்யப் பழகியவன் எவர் சொல்லையும் கண்ணை மூடிக்கொண்டு ஏற்கமாட்டான், காரணமின்றித் தள்ளவுமாட்டான்.

இதற்கு வேண்டிய நூல்கள் எங்கே உள்ளன என்று கேட்பீர்கள். 1981ஆம் ஆண்டில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் அரிய ஏட்டுச் சுவடிகளும் சாம்பராயின. ஒரே இடத்தில் ஒரே பிரதியாக இருக்கும் அறிவு எத்துணை எளிதில் அழியும் என்பதை அந்நெருப்பு நமக்குக் காட்டியது. 2005ஆம் ஆண்டில் ஆர்வலர் சிலர் தொடங்கிய ‘நூலகம்’ என்னும் இணைய நூலகம், இலங்கைத் தமிழரின் நூல்கள், பத்திரிகைகள், சஞ்சிகைகள், மலர்கள் ஆகியவற்றை மின்வடிவிற் சேர்த்து, எவரும் கட்டணமின்றிப் படிக்கத் தருகின்றது. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை அவ்வாறே வழங்குகின்றது. சென்னைப் பல்கலைக்கழகம் 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்ட தமிழ் லெக்சிக்கன், சிக்காகோப் பல்கலைக்கழகத்தின் இணையத்தளத்திலே சொல்லைத் தட்டித் தேடத்தக்கதாக உள்ளது. அவ்வகராதி சொல்லின் பொருளை ஆங்கிலத்திலும் தமிழிலும் தருவது. யாழ்ப்பாண வழக்கைத் தனிக் குறியிட்டுக் காட்டுவது. இருமொழி மாணவனுக்கு இதனினும் ஏற்ற துணை யாது?

இனி, இவற்றைக் கையாளும் முறையை ஓர் உதாரணத்தால் விளக்குவேன். “ஆறுமுக நாவலரைப் பற்றி எழுதுக” என்று ஆசிரியர் கூறினால், மாணவன் கைபேசியிலே பெயரைத் தட்டி, முதலில் வருவதைப் பிரதிபண்ணிக் கொடுத்துவிடுகிறான். அது தேடலுமன்று, கற்றலுமன்று. முதலில் வேண்டுவது கேள்வி. நாவலர் யாழ்ப்பாணத்து மெதடிஸ்த மிசன் பாடசாலையிற் கற்று, அங்கேயே கற்பித்தவர். பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்றவர். பின்னர் 1848இல் வண்ணார்பண்ணையிலே சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவியவர். அங்ஙனமாயின், மிசன் பாடசாலையிற் கண்ட முறைகளுள் எவற்றை அவர் தமது பாடசாலைக்கு எடுத்துக்கொண்டார்? எவற்றை விலக்கினார்? இது விடை தேடத்தக்க கேள்வி.

பிறந்த ஆண்டு 1822, மறைந்த ஆண்டு 1879 என்பன போன்ற அடிப்படைச் செய்திகளைக் கலைக்களஞ்சியத்திற் பெறலாம். விக்கிப்பீடியா அதற்கு உதவும். ஆனால் அது வாசற்படியேயன்றி வீடன்று. வாசற்படியைக் கடந்தபின், தமிழிலே நாவலரின் பாலபாடங்களையும் கைலாசபிள்ளை எழுதிய சரித்திரத்தையும் நோக்குக. ஆங்கிலத்திலே மிசனரிமார் தம் தாய்நாட்டுக்கு எழுதிய அறிக்கைகளை நோக்குக. அவற்றிற் பல பக்கம் பக்கமாகப் படம்பிடிக்கப்பட்டு இணையத்தில் உள்ளன. 1841இல் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய உதயதாரகைப் பத்திரிகையோ இரு மொழியிலும் வெளிவந்தது. தமிழ் நூல் நாவலரை அன்பர் கண்கொண்டு பார்க்கும். மிசன் அறிக்கை எதிர்த்தரப்பின் கண்கொண்டு பார்க்கும். இரண்டையும் படித்தவனே நடுநின்று பேசும் தகுதியுடையான்.

தேடும்போது இரு இடர்ப்பாடுகள் எதிர்ப்படும். ஒன்று, பெயரெழுத்து. ஆறுமுகம் என்னும் பெயரிலுள்ள ககரத்தை ஆங்கிலத்திற் சிலர் ‘கே’ எழுத்தாலும் சிலர் ‘ஜீ’ எழுத்தாலும் எழுதினர். ஒருவகையிற் தேடிக் காணாதவன் மற்றை வகையிலும் தேடுதல் வேண்டும். மற்றொன்று, பழைய தமிழ் நூல்களிற் பல பக்கப் படங்களாகவே இருத்தல். அவற்றின் உள்ளே சொல்லைத் தட்டித் தேடினால் அகப்படாது. பொருளடக்கத்தைப் பார்த்து, பக்கத்தைத் திறந்து, பொறுமையுடன் வாசித்தலே வழி.

இரு மொழி நூல்களும் முரண்படுமிடத்து மனந்தளர வேண்டா. ஆராய்ச்சி அங்கேதான் தொடங்குகின்றது. முன்னர்க் கூறிய நூலக எரிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் மே 31 என்பர். சிலர் யூன் 1 என்பர். இரவிலே நிகழ்ந்தமையால் இரு திகதியும் எழுந்தனவோ? அன்றி ஒருவர் எழுதியதைப் பலர் பார்த்தெழுதினரோ? அக்காலப் பத்திரிகைகளைத் தேடிப் பார்த்து நீங்களே முடிவுசெய்யுங்கள். பத்து இடங்களில் ஒரே வாக்கியம் காணப்படின், அது பத்துச் சாட்சியன்று; ஒரு சாட்சியின் பத்து நிழலே.

இக்காலத்திலே கேட்டவுடன் கட்டுரை எழுதித்தரும் செயற்கை நுண்ணறிவுக் கருவிகளும் வந்துவிட்டன. அவை சொற்களை விளக்கவும் மொழிபெயர்க்கவும் உதவும். ஆனால் இல்லாத நூலின் பெயரையும் உள்ளது போலக் கூறிவிடும் இயல்பும் அவற்றுக்கு உண்டு. ஆதலால், அவை கூறும் நூலைத் திறந்து, அப்பக்கத்தை உங்கள் கண்ணாற் காணாமல் எதனையும் எழுதாதீர்கள். கண்ட நூலின் பெயர், ஆண்டு, பக்கம், கண்ட நாள் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் அப்போதே எழுதிவையுங்கள். பின்னர் உங்கள் சொந்தச் சொற்களில், முதலில் ஒரு மொழியிலும் பிறகு மற்றை மொழியிலும் சுருக்கமாக எழுதிப் பாருங்கள். எந்த மொழியில் எழுத முடியவில்லையோ, அந்த மொழியில் அப்பொருள் இன்னும் விளங்கவில்லை என்று அறிந்துகொள்ளலாம்.

பெரியோர்களே, உங்களிடம் ஒரு விண்ணப்பம். பிள்ளை கைபேசியைத் தொட்டவுடன் கடிந்துகொள்ளாது, “எங்கே கண்டாய்? வேறெங்கும் அப்படிச் சொல்லியிருக்கிறதா?” என்று இரு கேள்விகள் கேளுங்கள். உங்களுக்கு ஆங்கிலம் தெரியாதிருப்பினும் குற்றமில்லை; பிள்ளை தமிழிலே விளக்கட்டும். அந்த விளக்கமே அவனுக்குப் பரீட்சை. வீட்டுப் பெட்டிகளிலே பழைய மலர்களும் சஞ்சிகைகளும் கிடப்பின், கறையான் தின்னுமுன் அவற்றை மின்வடிவாக்க உதவுங்கள்.

இளைஞர்களே, 1902ஆம் ஆண்டிலே முத்துத்தம்பிப்பிள்ளை அவர்கள் அபிதானகோசம் என்னும் கலைக்களஞ்சியத்தை யாழ்ப்பாணத்தில் வெளியிட்டார். அவர்க்கு மின்விளக்கோ கணினியோ துணைநிற்கவில்லை. உங்களுக்கோ உலகத்து நூலகங்கள் உள்ளங்கையில் உள்ளன. இரு மொழிகள் நாவில் உள்ளன. இனி வேண்டுவது கேட்கும் துணிவும் சரிபார்க்கும் பொறுமையுமே. அடுத்த ஆண்டு மலரில், பிறர் எழுதியதைப் பார்த்தெழுதாது நீங்களே தேடிக் கண்ட ஒரு செய்தியையேனும் ஒவ்வொருவரும் எழுதித் தருவீர்களாயின், இவ்வுரையின் பயன் நிறைவேறியதாகும்.