அரசு யாரை எண்ணுகிறது? தொழில், வணிகத் தரவுகள் குறித்த தலைமை உரை



தலைமை உரை என்றால் துறையின் வரலாற்றை ஆதியிலிருந்து விரித்து அவையின் பொறுமையைச் சோதிப்பது ஒரு மரபு. அதை விட்டுவிட்டு நேரே விஷயத்துக்கு வருகிறேன். இக்கருத்தரங்குக்கு வந்த கட்டுரைச் சுருக்கங்களைப் படித்தேன். பெரும்பாலானவை அரசு வெளியிடும் தொழில், வணிகத் தரவுகளை நம்பி எழுதப்பட்டவை. நல்லது. ஆனால் அந்தத் தரவு எந்தச் சட்டத்தின்கீழ், யாரிடம், எந்தப் படிவத்தில் வாங்கப்பட்டது என்று சொல்லும் சுருக்கங்கள் மிகக் குறைவு. சமன்பாடுகளுக்குக் குறைவில்லை.

திருப்பூரையே எடுத்துக்கொள்வோம். ஒரு பனியன் கம்பெனி வெளிநாட்டு ஆர்டர் வாங்குகிறது. நிட்டிங் ஓரிடத்தில், சாயம் ஓரிடத்தில். தையலில் ஒரு பகுதி ஏழெட்டுப் பேர் வேலை செய்யும் பவர்டேபிள் கூடத்தில். தைத்த டி-ஷர்ட் ஏற்றுமதிக் கணக்கில் தவறாமல் ஏறிவிடும். அதைத் தைத்தவர்கள் எந்தக் கணக்கில் ஏறுகிறார்கள் என்பதுதான் கேள்வி.

தொழிற்சாலைகளின் ஆண்டாய்வு, ஏ.எஸ்.ஐ. என்று நாம் சொல்வது, 1959 முதல் வருகிறது. 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம் போட்ட கோடுதான் அதன் எல்லை: மின்சாரம் பயன்படுத்தினால் 10 தொழிலாளர், இல்லையென்றால் 20. தொழிற்சாலைகளின் எண்ணிக்கையில் தமிழ்நாடு முதலிடம் என்று பெருமையோடு மேற்கோள் காட்டுகிறோமே, அது இந்தக் கோட்டுக்குள் நிற்கும் எண்ணிக்கை. பவர்டேபிள் கூடம் கோட்டுக்கு வெளியே. 2020-இல் நாடாளுமன்றம் இயற்றிய பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த வரம்பை 20, 40 என்று உயர்த்தியிருக்கிறது. ஆய்வின் பட்டியலும் அதையொட்டி மாறுமானால், ஒரு தொழிலாளிகூட வேலை இழக்காமலே ஆயிரக்கணக்கான ஆலைகள் தாளில் மறையும். வருங்காலத்தில் யாராவது அதைத் தொழில் வீழ்ச்சி என்று எழுதிவிடக் கூடாது.

வெளியே நிற்பவர்களுக்கென்று தனி ஆய்வு உண்டு. நிறுவனமாகப் பதியாத, வேளாண்மை சாராத தொழில்களைப் பற்றியது. 2023-24-இல் அது 7.34 கோடி தொழிலகங்களையும் 12 கோடிக்கும் மேற்பட்ட தொழிலாளர்களையும் மதிப்பிட்டது. சரி, இரண்டையும் கூட்டினால் முழுப்படம் கிடைத்துவிடும் என்று எண்ணத் தோன்றும். கிடைக்காது. அதே எட்டுப் பேர் கூடத்தை அதன் முதலாளி பிரைவேட் லிமிடெட்டாகப் பதிந்துகொண்டால், ஆள் குறைவு என்று முதல் ஆய்வு விட்டுவிடும். கம்பெனி என்று இரண்டாவது விட்டுவிடும். எல்லோரையும் எண்ணியிருக்க வேண்டியது பொருளாதாரக் கணக்கெடுப்பு. ஆறாவது கணக்கெடுப்பு 2013-14-இல் 5.85 கோடி தொழிலகங்களைக் கண்டது. ஏழாவதற்கு 2019-இல் களப்பணி தொடங்கியது, முடிவுகள் வெளிவரவில்லை. இந்த ஓட்டையை எந்தச் சமன்பாடும் அடைக்காது.

பதிந்த கம்பெனிகளைத் தேடி நிறுவன விவகார அமைச்சகத்தின் எம்.சி.ஏ.21 தரவுக்குப் போகிறவர்கள், கம்பெனி அடையாள எண்ணின் 21 எழுத்துகளையும் நிதானமாகப் படியுங்கள். அதில் உள்ள மாநிலக் குறி பதிவு அலுவலகத்தைச் சொல்கிறது, ஆலையை அல்ல. தொழிற்குறியோ பதிவின்போது சொன்ன தொழில். நூற்பாலையாகப் பிறந்து இன்று நிலம் விற்கும் கம்பெனி, குறியில் இன்னும் நூற்றுக்கொண்டே இருக்கலாம்.

வெளிநாட்டு வணிகத்துக்கு வருவோம். அதன் தரவு, கொல்கத்தாவிலுள்ள வணிகத் தகவல், புள்ளியியல் தலைமை இயக்ககம் சுங்க ஆவணங்களிலிருந்து திரட்டுவது. எனக்கு மிகவும் பிடித்த தொகுதி இது. எட்டு இலக்கக் குறியீட்டில் சரக்கு, அதோடு நாடு, துறைமுகம் என்று பிரித்துப் பார்க்கலாம். முதல் ஆறு இலக்கம் உலகப் பொது. பின்னலாடைக்கு 61-ஆம் அத்தியாயம். ஆனால் சரக்கு எந்த மாநிலத்தில் விளைந்தது என்பது ஷிப்பிங் பில்லில் ஏற்றுமதியாளர் எழுதித் தருவது. குறியீடுகளும் ஏறத்தாழ ஐந்தாண்டுக்கு ஒருமுறை திருத்தப்படுகின்றன. ஸ்மார்ட்போனுக்கு ஆறு இலக்க அளவில் தனிக் குறி வந்தது 2022-இல்தான். ஸ்ரீபெரும்புதூரின் மின்னணு ஏற்றுமதியை ஆராய்பவர் பழைய குறியோடு இணைத்துப் பார்க்காவிட்டால், அந்த ஆண்டில்தான் எல்லாம் பிறந்ததாகத் தோன்றும்.

ஆலை ஆய்வில் தொழிலுக்கு ஒரு குறி, பொருளுக்கு வேறொரு குறி, சுங்கத்தில் மூன்றாவது. இவற்றை இணைக்கும் அட்டவணையை ஒவ்வோர் ஆய்வாளரும் தனித்தனியே தயாரித்துத் தன் கணினியிலேயே புதைத்துவிடுகிறார். வீண் உழைப்பு.

கடைசியாக, பூட்டிய அறைகள். ஜி.எஸ்.டி. தரவால் என்ன செய்யலாம் என்பதை 2017-18 பொருளாதார ஆய்வறிக்கை காட்டியது: தமிழ்நாடு உள்ளிட்ட ஐந்து மாநிலங்கள் நாட்டின் ஏற்றுமதியில் 70 விழுக்காட்டைத் தருகின்றன, ஏற்றுமதியாளரில் உச்சியிலுள்ள ஒரு விழுக்காட்டினரின் பங்கு 38 விழுக்காடுதான். அதைச் செய்தவர்கள் அரசுக்குள் இருந்தவர்கள். நிறுவன அளவிலான அந்தத் தரவு பல்கலைக்கழக ஆய்வாளருக்கு எட்டாது. சுங்கச் சட்டத்தில் 2022-இல் சேர்ந்த 135ஏ.ஏ. பிரிவு, இறக்குமதி, ஏற்றுமதி விவரங்களைச் சட்டம் அனுமதிக்காத வகையில் வெளியிடுவதைக் குற்றமாக்கியது. வணிகரின் ரகசியம் காக்கப்பட வேண்டியதே. ஆனால் பெயரை நீக்கி, பாதுகாப்பான அறையில், உறுதிமொழி பெற்ற ஆய்வாளருக்குக் காட்டுவதற்கு என்ன தடை? அமெரிக்கக் கணக்கெடுப்பு அலுவலகம் அப்படித்தான் செய்கிறது. இக்கருத்தரங்கின் தீர்மானமாக இதை அரசுக்கு அனுப்ப வேண்டும் என்று முன்மொழிகிறேன்.

கட்டுரையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். ஆலை ஆய்வின் அலகுத் தரவு இன்று பதிவு செய்துகொண்டால் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதோடு வினாப்படிவத்தையும் இறக்கிப் படியுங்கள். உங்கள் குறியிணைப்பு அட்டவணைகளை ஊர் திரும்புமுன் துறை நூலகத்தில் ஒரு படி கொடுத்துவிடுங்கள். அமர்வுத் தலைவர்கள் ஒவ்வொரு கட்டுரையாளரிடமும் முதலில் கேட்க வேண்டியது, இந்தத் தரவில் யார் விடுபட்டிருக்கிறார் என்று. கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.