மண்ணைக் காக்க ஒரு படிப்பு

 

சென்ற மாதம் ஜும்ஆ முடிந்ததும் ஒரு சகோதரர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். அமெரிக்காவில் குடியேறிவிட்ட அவருடைய தம்பியின் மகன் அங்கே பள்ளிப்படிப்பை முடித்திருக்கிறான். மதிப்பெண்ணில் குறைவில்லை. ஆயினும் பல்கலைக்கழகத்திற்குச் செல்லாமல், சமுதாயக் கல்லூரி ஒன்றில் இயற்கை வளப் பாதுகாப்பு படிக்கப் போவதாகச் சொல்கிறான். "மரம் நடுவதற்கு ஒரு படிப்பா என்று உறவினர்கள் கேட்கிறார்கள், ஹஜ்ரத். என் தம்பி கூனிக்குறுகிப் போயிருக்கிறான்" என்றார். இன்றைய உரைக்குக் காரணம் அவருடைய அந்தச் சொற்களே.

முதலில் அந்தக் கல்லூரியைப் பற்றி அறிந்துகொள்வோம். அமெரிக்காவில் அரசு நடத்தும் இத்தகைய கல்லூரிகளுள் மிகப் பழையது, 1901இல் இலினாய் மாநிலத்து ஜோலியட்டில் தோன்றியது. அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழுவின் 1947ஆம் ஆண்டு அறிக்கைக்குப் பின் 'சமுதாயக் கல்லூரி' என்னும் பெயர் பரவிற்று. இரண்டாண்டுப் படிப்பு, இறுதியில் அசோசியேட் பட்டம். விரும்பினால் பின்னர் பல்கலைக்கழகத்தில் மூன்றாமாண்டு சேரலாம்.

இதில் நம் குடும்பங்கள் கவனிக்க வேண்டிய செய்தி கட்டணமே. 2024–25 கல்வியாண்டில் இக்கல்லூரிகளில் உள்ளூர் மாணவருக்கான சராசரிக் கட்டணம் ஆண்டுக்கு 4,050 டாலர். மாநிலப் பல்கலைக்கழகங்களில் அம்மாநில மாணவருக்கே 11,610 டாலர். வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கு மத்திய அரசு வழங்கும் பெல் உதவித்தொகை கடனன்று. அவ்வாண்டு அதன் உச்சவரம்பு 7,395 டாலர். அங்கே எத்தனையோ இளைஞர்கள் படிப்பு முடியும் முன்பே வட்டிக் கடனில் மூழ்கிவிடுகிறார்கள். வட்டியின்றி இரண்டாண்டுகளைக் கடக்க ஒரு பிள்ளை வழி கண்டிருக்கிறான் என்றால், அவன் தந்தை எதற்காக வெட்கப்பட வேண்டும்?

சரி, படிப்பு எத்தகையது? வட கரோலைனா மலைநாட்டில் ஹேவுட் சமுதாயக் கல்லூரி என்று ஒன்று உண்டு. காட்டு மேலாண்மையும், மீன்–வனவிலங்கு மேலாண்மையும் அங்கே பாடங்கள். இத்துறை மாணவர்களின் வகுப்புகளில் பல வெளியில்தான் நடக்கும். தரையிலிருந்து நாலரை அடி உயரத்தில் மரத்தின் விட்டத்தை அளப்பார்கள். ஈரமண்ணை விரல்களுக்கிடையே நாடாபோல் தேய்த்து, அதில் களியும் மணலும் எவ்வளவு என்று கணிப்பார்கள். ஓடை நீரில் கரைந்துள்ள ஆக்ஸிஜனைச் சோதிப்பார்கள். கணினி வரைபடத்தில் நிலச்சரிவுகளைக் குறிப்பார்கள். காய்ந்த சருகு பெருந்தீயாக மாறாதிருக்க, காற்றையும் ஈரத்தையும் கணித்துத் தாமே சிறுதீ மூட்டி அணைக்கவும் பயில்வார்கள். மரம் நடுவது இவற்றில் ஒரு சிறு பகுதி.

இந்த அறிவு இல்லாமையால் அந்நாடு பட்ட பாட்டையும் கேளுங்கள். புல்வெளிகளை உழுது கோதுமை விதைத்தார்கள். 1930களில் மழை பொய்த்தது. பிடித்துவைக்கப் புல்வேர் இல்லாததால் மண் காற்றில் எழுந்தது. 1935 ஏப்ரல் 14 ஞாயிறன்று ஓக்லஹோமா, டெக்ஸாஸ் பகுதிகளில் பகல் இரவாயிற்று. அதே மாதம் 27ஆம் நாள் மண் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறி, அதற்கெனத் தனித் துறையும் பிறந்தது. அதன் முதல் தலைவர் ஹியூ ஹாமண்ட் பென்னட், வட கரோலைனாவில் பிறந்தவர். 1994 முதல் அத்துறையின் பெயரே இயற்கை வளப் பாதுகாப்புத் துறை. 2024 செப்டம்பரில் ஹெலீன் புயல் அடித்தபோது அந்த ஹேவுட் வட்டாரத்திலேயே பிஜன் ஆறு ஊருக்குள் புகுந்தது. கரையைச் சீரமைக்கவும், சரிந்த மலைச்சரிவை நிலைநிறுத்தவும் இப்படிப்பு படித்தவர்களே வேண்டியிருக்கிறார்கள்.

சகோதரர்களே! யூஸுஃப் (அலை) அவர்களின் வரலாற்றை நாம் ஓதியிருக்கிறோம். ஏழாண்டு விளைச்சலில் உண்பதற்கான சிறிதளவு போக எஞ்சியதைக் கதிரோடு விட்டுவைக்கச் சொன்னார்கள் அல்லவா? பின்னர் களஞ்சியப் பொறுப்பைக் கேட்டபோது, தாம் பேணிக் காப்பவர் என்பதுடன் அறிந்தவர் என்றும் கூறினார்கள். அமானத்தைப் பேணும் உள்ளத்தோடு, அதற்குரிய அறிவும் அங்கே தகுதியாகச் சொல்லப்பட்டது. ஓடும் ஆற்றிலும் உளூவுக்கு நீரை விரயம் செய்யலாகாது என்ற நபிமொழியை நாம் பிள்ளைகளுக்குச் சொல்கிறோம். அந்த ஆறு ஏன் வற்றியது என்று அளந்து சொல்ல நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

குறைகளையும் மறைக்கலாகாது. இரண்டாண்டுப் பட்டத்தோடு நின்றால் பெரும்பாலும் களப்பணி டெக்னீஷியன் வேலைதான், சம்பளம் நடுத்தரம். அரசு வேலையும் உறுதியன்று: 2025இன் தொடக்கத்தில் மத்திய வனத்துறையில் ஆயிரக்கணக்கானோர் நீக்கப்பட்டனர், பின்னர் பலர் திரும்ப எடுக்கப்பட்டனர். கல்லூரியில் பெற்ற பாடப்புள்ளிகள் அனைத்தையும் எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஏற்பதில்லை. ஆகவே எந்தப் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் உண்டு, எந்தெந்தப் பாடம் செல்லும் என்பதை எழுத்தில் வாங்கிக்கொண்டு சேர வேண்டும். உறவினர் கேட்ட கேள்வியை விட்டுவிட்டு இதைக் கேட்கும்படி தம்பிக்குச் சொல்லுங்கள் என்றேன்.

போன வாரம் அவர் மீண்டும் வந்தார். பையன் அந்தப் பட்டியலை முன்னரே வாங்கி, தந்தையின் மேசைமீது வைத்திருந்தானாம்; தந்தைதான் பிரித்துப் பார்க்கவில்லை. அப்பிள்ளையின் கல்வியில் அல்லாஹ் பரக்கத் செய்வானாக! ஆமீன்.