படகு எதுவாயினும் துறை பொதுவாகட்டும்

(துபாய், தேராவில் தமிழ்ப் பெற்றோர், மாணவர் கூடுகையில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



தேராவிலிருந்து பர் துபாய்க்கு ஒரு திர்ஹம் கொடுத்து அப்ராவில் ஏறாதவர் இங்கு அரிது. படகுகள் பல, ஓட்டுவோரும் பலர். ஆனால் துறை அனைவருக்கும் பொது. ஒருவருடைய படகு மட்டுமே அணையக்கூடிய துறையாக அது இருந்திருந்தால், அவர் கேட்டதே கட்டணமாகியிருக்கும். பள்ளிக் கணினியில் எந்த அலுவலக மென்பொருள் இருக்க வேண்டும் என்னும் வினாவும் இத்தகையதே. மென்பொருள் படகு, கோப்பின் வடிவம் துறை.

"மைக்ரோசாப்ட் ஆபீஸ் தெரியாவிட்டால் பிள்ளைக்கு வேலை கிடைக்குமா?" என்பதே பெற்றோரின் முதல் அச்சம். அது நியாயமான அச்சம். வளைகுடா அலுவலகங்கள் பலவற்றில் அதுவே புழங்குகிறது. ஆயினும் 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் மைக்ரோசாப்டே தன் பழைய பட்டிகளை அகற்றிப் புதிய முகப்பைக் கொண்டுவந்தது. பொத்தான்களின் இடத்தை மட்டும் மனனம் செய்தவர் தடுமாறினர். விரிதாளில் சூத்திரம் எவ்வாறு இயங்குகிறது என்பதை அறிந்தவர் எளிதில் பழகிக்கொண்டனர். பள்ளி கற்பிக்க வேண்டியது இரண்டாவதைத்தான்.

அண்டை மாநிலமான கேரளம் இதற்கு நல்ல சான்று. 2001இல் அங்கு 'ஐ.டி. அட் ஸ்கூல்' திட்டம் தொடங்கியது. தொடக்கத்தில் வணிக மென்பொருளே பாடமாக இருந்தது. ஆசிரியர் அமைப்புகளும் கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்களும் எதிர்ப்புத் தெரிவித்தனர். பின்னர் அரசுப் பள்ளிகள் படிப்படியாகக் குனு லினக்சுக்கு மாறின. 2017இல் அத்திட்டம் 'கைட்' என்னும் அரசு நிறுவனமாயிற்று. இரண்டு இலட்சம் கணினிகளுக்கு, கணினி ஒன்றுக்கு ஒன்றரை இலட்சம் ரூபாய் வீதம், ரூ. 3,000 கோடி உரிமக் கட்டணம் மிச்சமாகிறது என்று 2019இல் அந்நிறுவனம் கணக்கிட்டது. இத்தகைய கணக்கில் கருத்து வேறுபாடு இருக்கலாம். ஆனால் ஆசிரியர்களைப் பெருமளவில் பயிற்றுவித்த பின்னரே அம்மாற்றம் நிலைபெற்றது என்பதில் ஐயமில்லை.

தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோசும், சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்சும் ஒருங்கே வழங்கப்பட்டன. நல்ல தொடக்கம், எனினும் கருவியில் இருப்பது வேறு, வகுப்பில் கற்பிக்கப்படுவது வேறு. அமீரகத்தில் பல இந்தியப் பள்ளிகள் பின்பற்றும் சி.பி.எஸ்.இ.யின் தகவல் தொழில்நுட்பப் பாடத்தில் லிப்ரே ஆபீஸ் இடம்பெற்றுள்ளது. ஆகவே இது எங்கோ நடக்கும் விவாதமன்று.

மறுபக்கத்தையும் கூறுதல் வேண்டும். ஜெர்மனியின் மியூனிக் மாநகராட்சி லினக்சுக்கு மாறியது. பின் 2017இல் விண்டோசுக்குத் திரும்ப முடிவெடுத்தது. வேர்டு கோப்பை லிப்ரே ஆபீசில் திறக்கும்போது அட்டவணைகள் இடம் மாறுவதும் உண்டு.

"வணிக நிறுவனங்களே பள்ளிகளுக்கு இலவசமாகத் தருகின்றனவே" என்பாரும் உளர். உண்மைதான். ஆனால் கூகுள் நிறுவனம் கல்விக்கூடங்களுக்கு அளித்துவந்த வரம்பற்ற சேமிப்பிடத்தை நிறுத்துவதாக 2021இல் அறிவித்தது. இலவசத்தின் நிபந்தனையை மாற்றும் உரிமை கொடுப்பவரிடமே இருக்கிறது.

தமிழர்க்கு இதில் தனிப்பட்ட பட்டறிவும் உண்டு. புலம்பெயர் நாடுகளில் தன்னார்வலர்கள் இரவு கண்விழித்துத் தட்டச்சு செய்த தமிழ்ப் பாடங்கள் பல 'பாமினி' போன்ற எழுத்துருக்களில் உள்ளன. அந்த எழுத்துரு இல்லாத கணினியில் அவை பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகத் தோன்றும். உழைப்பு வீணானதற்குக் காரணம் தமிழன்று. பொதுத் தரத்தைப் பின்பற்றாமையே. 2010இல் தமிழ்நாடு அரசு ஒருங்குறியை ஏற்றுக்கொண்டது. எழுத்துக்கு ஒருங்குறி எவ்வாறோ, ஆவணத்துக்கு 2006இல் பன்னாட்டுத் தரமாக ஏற்கப்பட்ட ஓ.டி.எப். அவ்வாறு. வேலை மாறினால் குடும்பம் ஊர் மாறும், பள்ளியும் மாறும். பிள்ளையின் கோப்புகள் மட்டும் பழைய கணினியோடு நின்றுவிடலாகாது.

எனவே பெற்றோர் பள்ளி நிருவாகத்திடம் மூன்று வினாக்களை எழுப்ப வேண்டும். வீட்டுப்பாடத்தைக் கட்டற்ற மென்பொருளில் செய்து அளித்தால் ஏற்பீர்களா? கணக்கு மூடப்பட்டால் பிள்ளையின் கோப்புகளை முழுமையாகப் பெற இயலுமா? கற்பிப்பது ஒரு நிறுவனத்தின் பொருளையா, கணினி அறிவையா?

இளையோர்க்கு ஒரு வேண்டுகோள். இன்றே வீட்டுக் கணினியில் லிப்ரே ஆபீசைத் தமிழ் இடைமுகத்துடன் நிறுவி, ஒரு பக்கம் ஒருங்குறியில் எழுதிப் பாருங்கள். கள்ளப் பிரதியை நாடும் தேவை நீங்கும். சொற்பிழை கண்டால் திருத்தி அனுப்பும் உரிமையும் உண்டு. அவ்வுரிமையே அம்மென்பொருளின் உண்மையான விலை மதிப்பு.