ஏட்டைப் பூட்டும் கையும் வாயைப் பொத்தும் கையும்

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை)



அரசாங்க ரகசியம் என்று பேச்செடுத்தால், "அது டில்லி சமாச்சாரம், நமக்கென்ன?" என்று நம்மவர்கள் கேட்கிறார்கள். ரகசியம் என்றால் பீரங்கியும் எல்லைக்கோடும்தான் என்ற நினைப்பு. அப்படியல்ல. ரேஷன் கடைக்கு எத்தனை மூட்டை அரிசி வந்தது? ஒப்பந்தக்காரர் அரசாங்கத்துக்குக் காட்டிய கூலிக் கணக்கு என்ன? குடிசைகளை அகற்ற உத்தரவு போட்டது யார்? எல்லாம் ஏதோ ஓர் ஏட்டில் எழுதியிருக்கிறது. அந்த ஏடு பூட்டிக் கிடக்கும்வரை நம் பங்கு நம் கைக்கு வராது.

இந்தப் பூட்டின் வரலாற்றில் நாம் பிழைக்க வந்த இந்தக் கல்கத்தாவுக்குத் தனி இடம் உண்டு. இங்கே அமிர்தபஜார் பத்திரிகா என்றொரு ஏடு வெளிவந்தது. 1878-ல் வைசிராய் லிட்டன், இந்திய மொழிப் பத்திரிகைகளை ஒடுக்க ஒரு சட்டம் கொண்டுவந்தார். இங்கிலீஷ் பத்திரிகைகளுக்கு அந்தச் சட்டம் கிடையாது. உடனே பத்திரிகா வங்காளியை விட்டு முழு இங்கிலீஷ் ஏடாக மாறிவிட்டது. வலை விரித்தவன் கையில் வெறும் வலைதான் மிஞ்சியது!

அதே பத்திரிகை 1889 அக்டோபரில் காஷ்மீரைப் பற்றி, கில்கித்தைப் பற்றி, வெளிநாட்டு இலாகாவின் ரகசிய ஏடு ஒன்றை அச்சிட்டது. அதே மாதத்தில் அரசு ரகசியச் சட்டம் நிறைவேறியது. பிரிட்டனில் அந்த ஆண்டு வந்த சட்டத்தின் சாயல்தான் அது. ஆனாலும் நிறைவேற்றும்போது வைசிராய் லான்ஸ்டவுன் இந்தப் பத்திரிகையின் வேலையையே சுட்டிப் பேசினார். 1904-ல் கர்சன் அதை இறுக்கினார். 1923-ல் புதிய சட்டமாக வந்தது. வெள்ளைக்காரன் 1947-ல் போனான். 1923-ன் சட்டம் போகவில்லை. எது ரகசியம் என்று அந்தச் சட்டம் விளக்கம் சொல்வதுமில்லை. அதிகாரி முத்திரை குத்தினால் ரகசியம்!

2019-ல் சென்னையிலிருந்து வரும் 'தி இந்து', ரஃபேல் விமானப் பேரம் பற்றிய ஏடுகளை வெளியிட்டது. "திருடிய ஏடுகள், நீதிமன்றம் பார்க்கக் கூடாது" என்று மத்திய அரசு இந்தச் சட்டத்தைத்தான் காட்டியது. ஏப்ரல் 10 அன்று உச்ச நீதிமன்றம் அந்த ஆட்சேபத்தைத் தள்ளியது. மறுஆய்வு மனுக்கள் நவம்பரில் தள்ளுபடியாகிவிட்டன என்பதையும் சொல்லவேண்டும். ஆனால் ஏட்டைப் பார்க்கவே கூடாது என்ற வாதம் நிற்கவில்லை.

ஏட்டைப் பூட்டுகிற கை, அடுத்து வாயைப் பொத்த வரும். 2012 ஏப்ரலில் ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் வேதியியல் பேராசிரியர் அம்பிகேஷ் மகாபாத்ரா கைதானார். குற்றம் என்ன? அப்போது முதலமைச்சராக இருந்த மம்தா பானர்ஜியைக் கேலி செய்யும் சித்திரம் ஒன்றை மின்னஞ்சலில் அனுப்பியதுதான்! அதே ஆண்டு அக்டோபரில் புதுச்சேரியில் சிறுதொழில் நடத்தும் ஒருவர், ட்விட்டரில் எழுதிய ஒரு வரிக்காகக் கைதானார். இரண்டுக்கும் கைகொடுத்தது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66ஏ பிரிவு. 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கல் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவையே ரத்து செய்தது. ஆனால் பேராசிரியர் வழக்கிலிருந்து முழுக்க விடுபட்டது 2023 ஜனவரியில்! பத்து ஆண்டுக்கு மேல் கோர்ட்டுக்கு அலைந்ததே தண்டனை இல்லையா? மாதச் சம்பளக்காரர் தாங்கினார். தினக்கூலி தாங்குவானா?

66ஏ போயிற்று, 69ஏ இருக்கிறது. இணையத்தில் எழுதியதை முடக்க உத்தரவிடும் பிரிவு அது. அந்த உத்தரவுகளையும் புகார்களையும் ரகசியமாக வைக்கவேண்டும் என்பது 2009-ன் விதி. பேச்சைத் தடுப்பதும் ரகசியம், தடுத்த காரணமும் ரகசியம்!

நம் கதைக்கு வருவோம். 2020-ல் ஊரடங்கில் நம்மைப்போல் பிழைக்கப் போனவர்கள் வழியிலேயே செத்தார்கள். எத்தனை பேர் என்று நாடாளுமன்றத்தில் கேட்டபோது, அப்படிக் கணக்கு வைக்கவில்லை என்றது தொழிலாளர் அமைச்சகம். அதே செப்டம்பரில், சிறப்பு ரயில்களில் மட்டும் 97 பேர் இறந்ததாக ரயில்வே சொன்னது. கேட்டதால்தான் அந்த 97-ஆவது வெளிவந்தது. கணக்கே எழுதாமல் விடுவது ரகசியங்களிலெல்லாம் பெரிய ரகசியம், தோழர்களே!

எதையும் மறைக்கக் கூடாது என்று நான் சொல்லவில்லை. படை நிற்குமிடம் நாட்டின் ரகசியம். நம் ஆதார் எண்ணும் நோயும் நம் வீட்டு ரகசியம். ஆனால் 2023-ன் தனிநபர் தரவுச் சட்டம் தகவல் உரிமைச் சட்டத்தையும் திருத்தியது. 2025 நவம்பரில் அந்தத் திருத்தம் அமலுக்கு வந்தது. "தனிநபர் தகவல்" என்று சொல்லி, பெயர் உள்ள எந்தப் பட்டியலையும் மறுக்க இது வழிவிடும். பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்ற 8(2) பிரிவு இன்னும் இருக்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு கேட்கவேண்டும்.

ராஜஸ்தானில் 1990-களில் படிக்காத கூலிக்காரர்கள், "வேலைப் பதிவேட்டின் நகலைக் கொடு" என்று ஊர் நடுவே உட்கார்ந்தார்கள். செத்தவன் பெயரிலும் கூலி எழுதியிருந்தது அம்பலமானது. 2005-ன் தகவல் உரிமைச் சட்டத்துக்கு அந்தப் போராட்டம்தான் வேர். மத்திய அலுவலகங்களுக்குக் கட்டணம் பத்து ரூபாய். வறுமைக்கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு அதுவும் இல்லை. முப்பது நாளில் பதில் தரவேண்டும். எதற்குக் கேட்கிறாய் என்று கேட்க அவர்களுக்கு உரிமை இல்லை. இங்கே வங்காளியிலோ இந்தியிலோ இங்கிலீஷிலோ எழுதலாம். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால், எழுதிக்கொள்ள உதவுவது அதிகாரியின் கடமை.

வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் தள்ளிவிடுவது சுதந்திரம் ஆகாது. உண்மையா என்று பார்த்து அனுப்புங்கள். பொய் ஒன்று போதும், நம் உண்மை பத்தையும் கெடுக்க. கையில் நகல் இருந்தால் பேச்சில் நடுக்கம் இருக்காது. பள்ளிக்கூடம் போகிற நம் பிள்ளைகள், வீட்டுக்கு ஒரு மனுவாவது எழுதித் தரட்டும். முதல் மனு, ரேஷன் கடையின் இருப்பேட்டைக் கேட்டுப் போகட்டும்!