மரங்களுக்கிடையே ஒரு வழி

டிஸ்க் கால்ஃப் என்பது வட்டினைக் கையால் எறிந்து ஆடும் விளையாட்டு. மரமடர்ந்த களத்தில் அதனை எவ்வாறு ஆட வேண்டும் என்பதைப் பற்றி இன்று சிறிது பேச விரும்புகிறேன். இது அமெரிக்காவில் வளர்ந்த ஆட்டம். நம்முள் பலருடைய மக்களும் மருமக்களும் அந்நாட்டில் வாழ்கின்றனர். அவர்களைக் காணச் சென்றவர்கள், அங்குள்ள பூங்காக்களில் சிலர் தோளில் பை சுமந்து, மரங்களுக்கிடையே வட்டுகளை எறிந்து நடப்பதைப் பார்த்திருக்கக்கூடும். அவர்கள் செய்வது இன்னதென்று தெரிந்துவிட்டால் பார்ப்பதிலும் ஓர் இன்பம் உண்டு.

இவ்வாட்டத்திற்கு உருவம் கொடுத்தவர்களுள் முதன்மையானவர் எட் ஹெட்ரிக் என்பவர். கலிபோர்னியா மாநிலத்தில், லாஸ் ஏஞ்சலீஸ் நகருக்கு அருகில் உள்ள ஓக் குரோவ் பூங்காவில் 1975-ஆம் ஆண்டு முதலாவது நிலையான களத்தை அவர் அமைத்தார். தொடக்கத்தில் கம்பங்களே இலக்குகளாக இருந்தன. பின்னர் கம்பத்தைச் சுற்றிச் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, அவற்றின் கீழே ஒரு கூடையையும் பொருத்தினார். பறந்து வரும் வட்டின் வேகத்தைச் சங்கிலிகள் அடக்க, வட்டு கூடையில் விழுகிறது. இவ்வமைப்பிற்கு 1977-இல் காப்புரிமை கிடைத்தது. ஹெட்ரிக் 2002-இல் மறைந்தார். அவருடைய விருப்பப்படியே அவரது அஸ்தியைச் சேர்த்துச் சில வட்டுகள் வார்க்கப்பட்டன. தாம் வளர்த்த கலையின்மீது அவர் கொண்டிருந்த பற்று அத்தகையது.

ஆட்டத்தின் விதி எளியது. எறிமேடையிலிருந்து வட்டினை எறிய வேண்டும். அது விழுந்த இடத்திலிருந்து மீண்டும் எறிய வேண்டும். கூடையில் விழும்வரை இவ்வாறே தொடர வேண்டும். பெரும்பாலான களங்களில் 9 அல்லது 18 இலக்குகள் உண்டு. எல்லாவற்றையும் மிகக் குறைந்த எறிகளில் முடிப்பவரே வென்றவர். திறந்த வெளியில் தோள்வலிமை உள்ளவர் முந்துவர். காட்டிலோ நிலைமை வேறு. அங்கே வலிமையைவிட அடக்கமே பெரிதும் பயன் தருகிறது.

முதலில் இடைவெளியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரு மரங்களுக்கிடையே 3 மீட்டர் அகலம் இருப்பதாகக் கொள்வோம். அவ்விடைவெளி 10 மீட்டர் தொலைவில் இருந்தால், நம் எறி இரு பக்கமும் ஏறத்தாழ 8 பாகை பிசகலாம். அதே இடைவெளி 30 மீட்டர் தொலைவில் இருந்தால் 3 பாகைகூடப் பிசக இடமில்லை. தொலைவிலுள்ள மரங்களைக் கண்டு அஞ்சி, அவற்றையே நோக்கிக்கொண்டிருப்பது புதியவர்களின் வழக்கம். அது பொருத்தமன்று. தொலைவில் உள்ள மரத்தில் வட்டு பட்டாலும், அதற்குள் பெரும்பகுதி வழியைக் கடந்திருப்போம். எறிமேடைக்கு அருகில் உள்ள மரத்தில் பட்டாலோ அந்த எறியே வீண். ஆதலின் அருகிலுள்ள இடைவெளியை ஐயமின்றிக் கடப்பதே முதற்கடமை. கண் மரத்தின்மீது நிற்கலாகாது. மரங்களுக்கு அப்பாலுள்ள ஒரு வெட்டவெளியில் நிற்க வேண்டும்.

இரண்டாவது, வட்டினைத் தேர்ந்தெடுத்தல். ஆட்டக்காரரின் பையில் மூவகை வட்டுகள் இருக்கும். தொலை எறிக்குரியவை கூரிய விளிம்புடையவை. நடுத்தொலைவுக்குரியவை சற்றுத் தடித்தவை. கூடையருகே எறிதற்குரியவை மழுங்கிய விளிம்புடையவை. கூரிய வட்டு மிகுந்த வேகத்தில் எறிந்தால்தான் தன் இயல்புப்படி பறக்கும். வேகம் தளர்ந்ததும் ஒரு பக்கமாகச் சாய்ந்து விழும். வலக்கையை மார்புக்குக் குறுக்கே கொண்டுசென்று எறியும் புறங்கை வீச்சில் அது இடப்பக்கம் சாயும். உள்ளங்கை முன்னோக்க எறியும் வீச்சில் வலப்பக்கம் சாயும். குறுகிய காட்டு வழியில் அச்சாய்வே ஆட்டத்தைக் கெடுத்துவிடும். நடுத்தொலைவு வட்டோ, கூடையருகே எறியும் வட்டோ மெல்ல எறிந்தாலும் நேராகச் செல்லும். மேலும், காட்டில் தலைக்குமேல் கிளைகள் கூரை போல் கவிந்திருக்கும். உயரப் பறக்கும் எறி அவற்றில் சிக்கும். தாழவும் நேராகவும் எறியவல்ல வட்டே அங்கு நண்பன்.

இதனால் வளைவெறிக்குக் காட்டில் இடமில்லை என்று கருதிவிடக்கூடாது. வழி இடப்பக்கம் திரும்புமானால், மேற்சொன்ன சாய்வே நமக்குத் துணையாகும். வட்டின் வெளி விளிம்பைத் தாழ்த்தி எறிந்தால் அவ்வளைவு இன்னும் மிகும். கிளைகள் மிகத் தாழ்ந்திருந்தால், வட்டினைச் சக்கரம் போல் விளிம்பின்மேல் உருளவிடுவோரும் உண்டு. எனினும் பயின்று கைவந்த எறியையே நம்ப வேண்டும். காடு புதிய உத்திகளைச் சோதித்துப் பார்க்கும் இடமன்று.

மூன்றாவது, வட்டு விழ வேண்டிய இடத்தைத் தீர்மானித்தல். வழி நடுவில் திரும்பும் இலக்குகளில், திருப்பத்தைத் தாண்டி எறிந்தவரைவிடத் திருப்பத்திலேயே வட்டினை நிறுத்தியவர் நல்ல நிலையில் இருப்பார். அவருக்குக் கூடை கண்ணுக்குத் தெரியும்; மற்றவர் புதரில் நிற்பார். எனவே 'எவ்வளவு தொலைவு செல்லும்?' என்பதைவிட, 'அடுத்த எறியை எங்கிருந்து எறிய விரும்புகிறேன்?' என்று கேட்டுக்கொள்வதே அறிவுடைமை.

நான்காவது, தவறிய பின் மீளுதல். ஆட்டத்தின் முடிவு பெரும்பாலும் இங்கேதான் தீர்கிறது. வட்டு வழியை விட்டு விலகி மரங்களின் நடுவே விழுந்துவிட்டது. பக்கவாட்டில் சிறிது எறிந்து வழிக்கு மீளலாம். ஓர் எறி செலவாகும். அல்லது எதிரே தெரியும் ஒரு சிறு சந்தின் வழியே கூடையை நோக்கி எறியலாம். சந்தில் நுழைந்தால் ஓர் எறி மிச்சம். மரத்தில் பட்டால் மேலும் ஓர் எறி நட்டம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறைக்கு ஒரு முறைதான் நுழையும் என்றால் மிச்சம் ஒன்று, நட்டம் இரண்டு. பாதிக்கு மேற்பட்ட முறை நுழையும் என்ற உறுதி இருந்தால்தான் அத்துணிவு பொருந்தும். மரத்தில் பட்ட வட்டு முன்னிலும் ஆழ்ந்த புதருக்குள் தெறித்தால் கணக்கு இன்னும் பாதகமாகும். இழந்த ஓர் எறியை உடனே மீட்கத் துடித்து, மேலும் மூன்றை இழப்பவர் பலர். ஓர் எறியை இழந்ததாகவே ஏற்றுக்கொள்ளத் தெரிந்தவர் அந்த ஒன்றோடு தப்புகிறார்.

காட்டில் வட்டு காணாமற் போவதும் உண்டு. தேடுவதற்கு விதி அளிக்கும் நேரம் மூன்று நிமிடம். அதற்குள் கிடைக்காவிட்டால் ஓர் எறி தண்டம். முன்பு எறிந்த இடத்திற்கே திரும்பவும் வேண்டும். ஆதலால் சருகு நிறத்தில் மறையாத, பளிச்சென்ற நிறமுடைய வட்டினைக் கொள்வது நல்லது. வட்டு கண்ணுக்கு மறைந்த இடத்தில் உள்ள ஒரு மரத்தை அப்போதே குறித்துக்கொள்வது அதனினும் நல்லது.

மற்றொரு விதியையும் சொல்ல வேண்டும். எறிவதற்கு இடையூறாகக் கிளை நீட்டிக்கொண்டிருந்தால் அதனை ஒடித்தல் கூடாது. நிற்கும் நிலையைத் தேர்ந்துகொள்ளும்போதும், மரஞ்செடிகள் எவ்வளவு குறைவாக அசையுமோ அவ்வாறே நிற்க வேண்டும். இதற்குத் தக்க காரணம் உண்டு. நாள்தோறும் பல வட்டுகள் வந்து மோதும் மரங்களின் பட்டை காயப்படுகிறது. பலரும் மிதித்த மண் இறுகி, வேருக்கு நீரும் காற்றும் குறைகின்றன. சில களங்களில் மரத்தைச் சுற்றி மரச்சிம்புகளைப் பரப்புவதும், முன்னிற்கும் மரங்களுக்குக் காப்பு கட்டுவதும் இதனாலேயே. மரங்கள் பட்டுவிட்டால் எஞ்சுவது வெறுந்திடல். இதுவரை கூறிய நுட்பங்களுக்கு அங்கே வேலையில்லை. ஆகவே தனக்குத் தடையாக நிற்கும் மரத்தைக் காப்பதும் ஆட்டக்காரனின் கடமையாகிறது.

அடுத்த முறை அந்நாட்டுப் பூங்கா ஒன்றில் இவ்வாட்டத்தைக் காண நேர்ந்தால், தொலைவு எறிபவரை மட்டும் பார்க்காதீர்கள். புதருக்குள்ளிருந்து பக்கவாட்டில் பத்தடி எறிந்து, அமைதியாக வழிக்குத் திரும்புகிறாரே ஒருவர், அவரையும் சற்று நின்று கவனியுங்கள். முடிவில் எறிகளை எண்ணும்போது அவர் முன்னே நிற்கக்கூடும்.